இடப்பக்கம், வலப்பக்கம்

பண்டாரவளைப் பழைய பேப்பர் கடையில்
புத்தகத்துக்கும் பால்மாப் பெட்டிக்கும் ஒரே தராசு.
மூன்றே கால் கிலோ கிடைத்தது:
அட்டை போன பூகோளம்,
மன்னர் எல்லாருக்கும் எவனோ கண்ணாடி மாட்டிவிட்ட சரித்திரம்,
கோழி வளர்ப்புக் கையேடு,
கடைசிப் பக்கங்கள் இல்லாத ஒரு நாவல்.
நாவலைக் கடைக்காரர் நிறுக்கவில்லை.
முடிவில்லாததுக்குக் காசு வேண்டாம் என்றார்.

இதல்கஸ்ஹின்னவில்,
வானம் வெளித்தால் மலையின் இரண்டு பக்கமும் தெரியும் ஸ்டேஷனில்,
இரவுத் தபால் ரயிலை அனுப்பிவிட்டு
சத்தியசீலன் வந்து படுத்த பிறகு
என் வகுப்பு தொடங்கும்.
திருடியைப் போலத்தான் படிக்கிறேன்.
ஒரு பக்கத்துக்குள் கால் வைத்ததும்
எதைத் தூக்கலாம் என்று கண் அலைகிறது.
கோழிக் கையேட்டில் பின்னம் அகப்பட்டது:
பன்னிரண்டு முட்டையில் மூன்று கூழாகிவிட்டால்?
கருவாடு சுற்றிவந்த பேப்பரில் அம்பாந்தோட்டை உப்பளம்.
இருமல் பாணிப் போத்தலில் மில்லிலீட்டர்.
கண்ணீர் வரவேண்டிய இடத்தில்கூட
இது எத்தனையாம் தரத்துக்குச் சரி என்று யோசிக்கிறேன்.
மிதுர்ஷாவைவிட, நாளைய பாடத்தில்,
ஒரு ராத்திரிதான் எனக்கு வயது கூட.

பள்ளிக்கூடப் பாதை போன மாரியில் சரிந்தது.
சித்திரைக்குள் செப்பனிட்டுவிட்டார்கள்.
நான் இன்னும் அனுப்பவில்லை.
கேட்கிறவர்களிடம் அனோஜனுக்குச் சளி என்கிறேன்.
மிதுர்ஷாவுக்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை.

கொப்பியில் இடப்பக்கம் நான் நினைத்தது.
வலப்பக்கம் நடந்தது.

திங்கள். இடம்: ஆவியாதல், ஒடுங்கல், படம் கீறுதல்.
வலம்: பத்து மணிக்கு மேகமே வீட்டுக்குள் வந்தது.
அனோஜன் அதைப் போர்வையால் பிடிக்கப் பார்த்தான்.
படம் கீறவில்லை. துணியும் காயவில்லை.

செவ்வாய். இடம்: ஏழாம் வாய்ப்பாடு.
வலம்: ஏழேழு வரை.
அங்கே வளைவில் கரட் லொறி சரிந்தது, ஓடினோம்.

புதன். இடம்: கோப்பி அழிந்ததும் தேயிலை வந்ததும்.
வலம்: சரித்திரத்தில் நாலு துரைமாருக்குப் பெயர் இருந்தது.
மற்றவர்களுக்கு ஒரே வரி:
தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர்.
"யாரு வரவழைச்சாங்க?"
எழுதவில்லை, என்றேன்.
"ரயில்லயா வந்தாங்க?"
அப்போது ரயில் இல்லை. நடந்து.
"அப்ப தண்டவாளத்தை யாரு போட்டாங்க?"
புரட்டினேன். தண்டவாளம் போடப்பட்டது.
செயப்பாட்டு வினையை வெள்ளிக்கு வைத்திருந்தேன்.
அது புதனே வந்து வாசலில் நின்றது
காலில் சேற்றோடு.
மிதுர்ஷா பென்சிலை எடுத்து
இரண்டு வரிக்கும் முன்னால் ஒரு கோடு கீறினாள்,
வினாத்தாளில் இடைவெளி விடுவது மாதிரி.
அன்றிரவு நிரப்பப் பார்த்தேன்.
என் பக்கத்தில் மூன்று பெயருக்கு மேல்
எனக்கே தெரியவில்லை.

வியாழன். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டேன்.
நாவலை எடுத்துக்கொண்டு
சமையலறை வாங்கில் உட்கார்ந்தேன்.
"அதுல என்ன பாடம்மா?"
ஒன்றுமில்லை.
"முடிவும் இல்லைதானே?"
அதுவும் இல்லை.
கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.
இரண்டு மணிக்கு மழை பிடித்தது.
பதுளை ரயில் நாற்பது நிமிடம் பிந்தியது.
கதையில் ஒருத்தி, படகில் ஏறுவதா வேண்டாமா என்று
ஒன்பது பக்கமாகக் கரையில் நின்றாள்.
அவளிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை.
சோறு அடிப்பிடித்தது.

இரவு கொப்பியைத் திறந்தால்
வலப்பக்கத்தில் மிதுர்ஷாவின் எழுத்து,
ரகரத்துக்கெல்லாம் கால் சற்று நீளம்:
வரவு: அனோஜன், நான்.
அம்மா வரவில்லை.
காரணம்: வாசிக்கிறார்.